கடைவீதிக்கு ஒரு குழந்தைகள் காப்பகம்



ஜி.எஸ்.டி. கணக்கு, தொழில் உரிமம், தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று எழுதி வரும் பக்கங்களில் குழந்தை வளர்ப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குத் தங்கள் கடைவீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அரிசி மூட்டையின் மேல் தூங்கும் குழந்தை, கல்லாவுக்குப் பின்னால் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குழந்தை, கிடங்கு வாசலில் லாரிச் சக்கரத்தை ஒட்டி விளையாடும் குழந்தை எல்லாம் கண்ணில் படும். கணவர் சரக்கு எடுக்க மண்டிக்குப் போயிருப்பார். மனைவி வாடிக்கையாளருக்கு எடை போட்டுக்கொண்டே, "அங்கே போகாதே, இங்கே வா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். இது நமக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போனதாலேயே இதை ஒரு குறையாக நாம் எண்ணுவதில்லை.

நாங்களும் எண்ணியதில்லை. எங்கள் மூத்த பிள்ளை கல்லாப்பெட்டிக்குக் கீழே சாக்கு விரித்து வளர்ந்தவன்தான். இரண்டு வயதில் ஒரு கொண்டைக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டான். அது தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் கூட்டம். குழந்தை அழுததைக் கவனிக்கக்கூட ஆளில்லை. கடலை ஊறிப் பெருத்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மூக்கோடு போயிற்று, மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் இங்கு கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது" என்று அவர் சொன்னார். மளிகைக் கடை என்பது பெரியவர்களுக்குத்தான் சோறு போடும் இடம். தவழும் குழந்தைக்குக் கடலை, பட்டாணி, சில்லறைக் காசு, மிளகாய் வற்றல், பிளேடு, எலி மருந்து, சலவைச் சோடா எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் இடம். வேறு எந்தத் தொழிலிலும் இத்தனை ஆபத்துகளை ஒரே கூரையின் கீழ் அடுக்கி வைத்து, நடுவில் குழந்தையை உட்கார வைப்பதில்லை.

ஆபத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வியாபாரக் கண்ணோடும் பார்க்கலாம். பொட்டலம் கட்டவும் பில் போடவும் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் கடைகள் இன்று ஏராளம். நல்ல ஊழியர் ஒருவர் தேறுவதற்கு ஓராண்டாவது ஆகும். எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எந்த அரிசி பிடிக்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் எழுதி வைத்துக் கற்றுக்கொடுக்கும் விஷயம் அல்ல. அப்படித் தேறிய ஒருவர் எங்கள் கடையில் ஆறு ஆண்டுகள் இருந்தார். பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மாமியார் உடல்நலமில்லாதவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அவருக்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேரை வைத்துப் பார்த்தோம். அந்த ஓராண்டில் எடைக் குறைவு என்று வந்த புகார்களும் தவறிப்போன பில்களும் எவ்வளவு என்று எங்கள் பேரேட்டுக்குத்தான் தெரியும். அவருடைய குழந்தையைப் பகலில் வைத்துக்கொள்ள இரண்டு தெரு தள்ளி ஓர் இடம் இருந்திருந்தால் அவர் வந்திருப்பார். அப்போது அந்த எண்ணமே எங்களுக்குத் தோன்றவில்லை.

பால்வாடி இருக்கிறதே?

இருக்கிறது. அதை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தி எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எடையைக் கவனித்து, குறை தெரிந்த உடனே சரிசெய்யும் இந்த முறை வியாபாரிக்கு எளிதில் விளங்கும். 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று தமிழகத்தில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

ஆனால் பால்வாடியின் நேரம் வேறு, கடையின் நேரம் வேறு. அது மாலைக்கு முன்பே மூடிவிடும். நமக்கு வியாபாரம் சூடுபிடிப்பது மாலை ஆறு மணிக்கு மேல். மேலும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சத்துமாவும் தடுப்பூசியும் எடை பார்த்தலும் கிடைக்குமே தவிர, நாள் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான மையங்களில் கிடையாது. மத்திய அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டம் முதலில் ராஜீவ் காந்தி பெயரிலும், 2017 முதல் தேசியக் காப்பகத் திட்டம் என்றும் நடந்தது. 2022-ல் அது 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களாக மாற்றி அமைக்கப்பட்டது. மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம் என்பது அந்தக் காப்பகங்களின் அளவு. அலுவலக வேலைக்கு அது போதும். பதினோரு மணி நேரம் திறந்திருக்கும் கடைக்குப் போதாது.

சட்டம் நம்மை எங்கே நிறுத்துகிறது?

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்யவேண்டும். தாய் நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதையே தொடர்கிறது. 26 வார மகப்பேறு விடுப்புக்கும் கடைகளைப் பொறுத்தவரை பத்துப் பேர் என்பது எல்லை.

நம்மில் எத்தனை பேர் கடையில் 50 பேர் இருக்கிறார்கள்? பெரிய ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் சிலவற்றைத் தவிர மற்றவை நான்கு பேர், ஆறு பேர் கடைகள். அதனால் சட்டம் நம்மைத் தொடவில்லை என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் சட்டம் தொடாத கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், அந்தக் கடையை நடத்தும் முதலாளியின் மனைவிக்கும் குழந்தையை விட ஓர் இடமில்லை என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

அந்தத் தொகுப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வாசகம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே காப்பகம் கட்டவேண்டியதில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து நிதி திரட்டி, தங்களுக்குள் ஒப்புக்கொண்ட முறையில் பொதுக் காப்பகம் அமைத்துக்கொள்ளலாம். நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கடைவீதியிலுள்ள பெரிய ஜவுளிக்கடை எப்படியும் செய்தாக வேண்டிய ஒன்று இது. அவர்களோடு சேர்ந்து அந்தச் செலவில் நம் பங்கையும் போட்டால் வீதி முழுவதற்கும் ஒரே காப்பகம் கிடைத்துவிடும். இந்த வழியைச் சங்கங்கள் இதுவரை யோசிக்காதது வியப்புதான். கடை ஊழியர் உட்காருவதற்கு ஒரு நாற்காலி போடவேண்டும் என்பதற்குக்கூட 2021-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த சட்டம் வரும்வரை காத்திருப்பது சங்கத்துக்கு அழகல்ல.

நம்மிடம் இருக்கும் பழைய வழி

கூட்டாகப் பணம் போட்டுப் பொதுக்காரியம் செய்வது வணிகர்களுக்குப் புதிது அல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து அதில் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் நடத்தியவர்கள் தென்மாவட்ட வணிகர்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இப்படி ஊர்ப் பணத்தில் நடந்த பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து அதற்கு உதவினார்கள். அன்று அந்த வணிகர்களுக்குக் குறையாக இருந்தது எழுத்தறிவு. அரசாங்கம் வந்து கொடுக்கட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

வேலை செய்யும் இடத்திலேயே காப்பகம் என்பதும் நாடு அறிந்த ஏற்பாடுதான். 1969-ல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கட்டட வேலை நடந்தபோது, ஜல்லிக் குவியலுக்கு நடுவே கிடந்த குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் பின்னால் மொபைல் கிரெஷஸ் என்ற பெரிய அமைப்பானது. அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா சங்கத்தில் தெருவில் காய்கறி விற்கும் பெண்கள் ஏராளம். அவர்களுக்காகக் கூட்டுறவு முறையில் காப்பகங்கள் நடக்கின்றன. தாய் வேலைக்குப் போகும் நேரத்தைக் கேட்டு, அதற்கேற்பக் காப்பகத்தைத் திறப்பதே அவர்களுடைய முறை. கடல் கடந்து கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், மக்கோலா சந்தையின் பெண் வியாபாரிகளுக்காகச் சந்தையை ஒட்டியே காப்பகம் ஏற்பட்டது. தக்காளி விற்கும் தாய் இடையில் எழுந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதைக் கடைக்காரப் பெண் கடைப்பிடிக்க வேண்டுமானால், பால் குடிக்கும் குழந்தை நடக்கும் தூரத்தில் இருந்தால்தான் முடியும்.

எப்படி அமைப்பது?

இடத்தைப் பற்றி முதலில் பேசுவோம். பெரும்பாலான சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. மாதம் ஒரு செயற்குழு, ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, நடுவில் சில திருமண வரவேற்புகள் தவிர மற்ற நாளில் அது பூட்டிக் கிடக்கிறது. காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட நெறிமுறையில் ஒரு குழந்தைக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி இடம் சொல்லியிருக்கிறது. வேலை இடத்திலிருந்து 500 மீட்டருக்குள், தரைத்தளத்தில் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. இருபது குழந்தைகளுக்கு 240 சதுர அடி. அதாவது 12 அடிக்கு 20 அடி அறை ஒன்று. அதோடு ஒரு சமையல் மூலை, குழந்தைகள் உட்காரும் அளவுக்குத் தாழ்வான கழிப்பறை, சுவர் வைத்த சிறு முற்றம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். நம் கடைவீதியில் எண்ணெய்க் கிடங்கு, கற்பூரம், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டிக் குவியல் எல்லாம் நெருங்கி இருக்கின்றன. கிடங்குக்கு மேல் மாடியில் காப்பகம் வைக்கலாம் என்று யாராவது இலவசமாக இடம் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இரண்டு வாசல் வேண்டும். இரண்டும் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். சமையல் தனி அறையில் நடக்கவேண்டும். தீயணைப்புத் துறையின் சான்றும் சுகாதாரச் சான்றும் வாங்கிய பிறகுதான் முதல் குழந்தையைச் சேர்க்கவேண்டும். இதில் அவசரப்படுவதைவிட மூன்று மாதம் தாமதித்துத் திறப்பது மேல்.

அடுத்து ஆட்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், மூன்றுக்கு மேல் இருபது குழந்தைகளுக்கு ஒருவர், கூடவே ஆயா என்று அதே நெறிமுறை கூறுகிறது. இங்கே நேரத்தைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் பிரிக்கலாம். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் காலையில் பால்வாடிக்கே போகட்டும். அங்கே அவர்களுக்குச் சோறும் முட்டையும் பாடமும் இருக்கிறது. காப்பகத்தில் காலை ஒன்பது முதல் கைக்குழந்தைகளை ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் கவனிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது ஜோடி வந்துவிடும். ஒரு மணிக்குக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் முதல் ஜோடி வீட்டுக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்பலாம். அதற்குள் பெரிய குழந்தைகள் பால்வாடியிலிருந்து வந்துவிடுவார்கள். இரவு எட்டு வரை நால்வரும் இருப்பார்கள். பக்கத்துத் தெருப் பெண்மணிகளாக அமர்த்தினால் இந்த இடைவெளி அவர்களுக்கும் வசதி. பால்வாடி விடுமுறை நாட்களில் மட்டும் இரண்டாவது ஜோடி காலையிலேயே வரவேண்டியிருக்கும். அதற்குத் தனிச் சம்பளம் பேசிக்கொள்வது முறை.

பணியில் அமர்த்தும் எவரையும் காவல்துறை சரிபார்ப்பு இல்லாமல் சேர்க்கக் கூடாது. தெரிந்தவர், உறவுக்காரர், நல்ல குடும்பம் என்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. குழந்தையை அழைத்துச்செல்லப் பெயர் பதிந்தவரைத் தவிர வேறு யார் வந்தாலும், அவர் சங்கத் தலைவராகவே இருந்தாலும், அனுப்பக் கூடாது.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பகுதி நேரம் வைத்தாலும் கல்வித்துறையின் விதிகள் பொருந்தக்கூடும். ஆகவே திறப்பதற்கு முன்பே கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது நல்லது.

என்ன கற்றுக்கொடுப்பது?

இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்வார்கள் என்று அஞ்சுகிறோம். மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுதிக் காட்டினால்தான் "நல்ல காப்பகம்" என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அந்த வயதில் விரல் தசைகள் பென்சிலைப் பிடிக்கவே தயாராக இருப்பதில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றிப் பல கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். தமிழகம் அதை ஏற்கவில்லை. ஆனால் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது, அந்த வயதுக் கல்வி விளையாட்டாகவே இருக்கவேண்டும் என்று அதில் இருப்பதைக் குழந்தை மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த வயதுக் குழந்தைக்கு முதலில் வேண்டியது பேச்சு. தன்னோடு முகம் பார்த்துப் பேசி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பெரியவர் ஒருவர் வேண்டும். கல்லாவில் இருக்கும் தாய்க்கு இதற்குத்தான் நேரமில்லை; கைபேசி இதைச் செய்யாது. அடுத்து கதை, பாட்டு, மண், தண்ணீர், ஓட்டம். பிறகு பிரிப்பதும் எண்ணுவதும். இதற்கு நம் கடைச் சரக்கைவிடச் சிறந்த பாடப்பொருள் இல்லை. துவரை, உளுந்து, பச்சைப்பயறு மூன்றையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் நிறமும் வடிவமும் தெரியும். இரண்டு கொட்டாங்கச்சியில் கயிறு கட்டித் தராசு செய்து கொடுத்தால் கனம், லேசு தெரியும். கால் படி, அரைப் படி, ஒரு படி என்று மணலை அளந்தால் பின்னக் கணக்கு பள்ளிக்கூடம் போகும் முன்பே கைக்கு வந்துவிடும். ஆனால் இந்த விளையாட்டு நான்கு வயதுக்கு மேல் மட்டுமே, ஆசிரியை பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. சிறு குழந்தைகள் இருக்கும் பக்கம் ஒரு பயறு மணிகூடப் போகக் கூடாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டோம்.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்கும் கணக்குப்பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேரை எடுத்து, 58 பேரைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். 65 பேரைச் சேர்க்கவில்லை. அவர்களை நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளியில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். போலீஸ் வழக்குகளில் சிக்கியது குறைவு. 2000-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தப் புள்ளிகளைக் கணக்கிட்டு, போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமுதாயத்துக்குத் திரும்பி வந்தது என்றார். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருந்தார்கள். வாரம் ஒரு தடவை குழந்தையின் வீட்டுக்கே போய்த் தாயோடு பேசினார்கள். ஓர் அறையில் முப்பது குழந்தைகளை அடைத்து டி.வி. போட்டுவிட்டால் இந்த வட்டி வராது.

செலவுக் கணக்கு

எங்கள் மதிப்பீட்டை அப்படியே வைக்கிறோம். ஊருக்கு ஊர் மாறும், திருத்திக்கொள்ளலாம். குழந்தைகள் 20. மூத்த ஆசிரியைக்கு 15,000, இரண்டாமவருக்கு 12,000, ஆயாக்கள் இருவருக்கும் தலா 10,000 என்று சம்பளம் மட்டும் 47,000 ரூபாய். பால், சுண்டல், பழம், சாதம் என்று குழந்தைக்கு நாளைக்கு 25 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 13,000. மின்சாரம், சோப்பு, துணி, மருந்து, விளையாட்டுச் சாமான் 5,000. சங்கக் கட்டடம் என்பதால் வாடகை இல்லை. ஆக மாதம் 65,000 ரூபாய்.

ஊழியர் குழந்தைக்கு 500, முதலாளி வீட்டுக் குழந்தைக்கு 1,500 என்று கட்டணம் வைத்து, பாதிக்குப் பாதி என்று கொண்டால் 20,000 வரும். பாக்கி 45,000. வீதியில் 150 கடை இருந்தால் கடைக்கு மாதம் 300. நாளைக்குப் பத்து ரூபாய். ஒரு டீ விலை. 50 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெரிய கடை சட்டப்படி செய்யவேண்டிய செலவை இதில் சேர்த்தால் இன்னும் குறையும். மண்டிக்காரர்கள் கடைக்கணக்கு வேண்டாம், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமையாகவே பிடித்துக்கொள்ளலாம் என்றாலும் சரி. தொடக்கச் செலவு தனி. ஆண்டு விழாப் பந்தலையும் மின்விளக்கு அலங்காரத்தையும் ஓராண்டு குறைத்துக்கொண்டால் அதில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்று சொன்னால் விழாக் குழுவினர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"எனக்குப் பேரக்குழந்தையே பெரிய வகுப்புக்குப் போய்விட்டது, நான் ஏன் தரவேண்டும்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எங்களிடமே கேட்டார். அவர் கடையில் பில் போடும் பெண்ணுக்குப் போன மாதம்தான் திருமணம் ஆகியிருக்கிறது. அதை நினைவூட்டினோம். சிரித்துவிட்டுப் போனார், தருவதாக இன்னும் சொல்லவில்லை.

யாருடைய பிள்ளை யாருக்குப் பக்கத்தில்?

வெளிப்படையாகப் பேசவேண்டிய ஒன்று உண்டு. முதலாளி வீட்டுக் குழந்தையும் சுமை தூக்கும் தொழிலாளியின் குழந்தையும் ஒரே பாயில் படுக்குமா என்று சிலர் மனத்துக்குள் கேட்பார்கள்; வாயால் கேட்கமாட்டார்கள். வேறு காரணம் சொல்லி வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒரு நாள் இடம் கொடுத்தாலும் அது காப்பகமாக இருக்காது. சட்ட விதிகளில் முதல் விதியாகவே இதை எழுதி, பொதுக்குழுவில் நிறைவேற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பிறகு யாராவது குழந்தையை அனுப்பாவிட்டால் அது அவர்கள் விருப்பம்; சந்தாவை மட்டும் நிறுத்தக் கூடாது.

தொழிலாளர் குடியிருப்பு கடைவீதியிலிருந்து தொலைவில் இருந்தால் அங்கே வேறு வழியும் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, சங்கத்தின் முத்திரையோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் இணைத்துக் கொடுப்பது நமக்குப் பெரிய வேலை அல்ல.

எங்கே தொடங்குவது?

அறையைத் தேடுவதற்கு முன்னால் எண்ணிக்கை எடுக்கவேண்டும். ஒவ்வொரு தெருவின் பொறுப்பாளரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறட்டும். ஆறு வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், ஒவ்வொன்றின் வயது, பகலில் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த நேரத்துக்கு இடம் வேண்டும் என்ற நான்கு கேள்விகள் போதும். எட்டுக் குழந்தைக்குக் குறைவாக வந்தால் சங்கக் கட்டடம் வேண்டாம். நம்பகமான ஒரு வீட்டின் முன்னறையும் ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் போதும். முப்பதைத் தாண்டினால் இரண்டு இடமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளியிடம் கேட்டு எழுதியதோடு நோட்டை மூடிவிடக் கூடாது. பொட்டலம் கட்டும் பெண்ணையும், கிடங்கு கூட்டும் பெண்ணையும் தனியே கூப்பிட்டுக் கேட்கவேண்டும். முதலாளி முன்னால் நின்று கேட்டால், "வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள், ஐயா" என்ற பதில்தான் வரும்.